மூன்று ஸ்பூன் ஜீனிக்குப் பிறகு

ஐம்பத்திரண்டு. கருவி பொய் சொல்லாது, இந்த வீட்டில் பொய் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். விரல் நுனியில் இன்னும் ஒரு பொட்டு ரத்தம் நிற்கிறது, வேட்டியில் துடைத்துவிட்டேன், கோதை பார்த்தால் கத்துவாள், பஞ்சு எதுக்கு வச்சிருக்கு என்பாள், ஆனால் கோதை இங்கே இல்லை. மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளி மைதானத்தில் கழுத்தில் விசிலோடு நிற்கிறாள். மணி பதினொன்று இருபது. சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது, நான் வீட்டில் தனியாக இருக்கிறேன், அவள் சொல்லிக் கொடுத்ததை வரிசை பிசகாமல் செய்திருக்கிறேன். முதலில் கதவு. ஜீனியைத் தேடி ஓடுவதற்கு முன்னால் வாசல் தாழ்ப்பாளைத் திற என்பது அவள் சட்டம், உள்ளே விழுந்து கிடந்தால் வெளியே இருப்பவர்கள் கதவை உடைத்துக்கொண்டிருக்கக் கூடாதாம். இரண்டாவது, அரை டம்ளர் தண்ணீரில் குவித்து மூன்று ஸ்பூன் ஜீனி, கலக்கி ஒரே மூச்சில். மூன்றாவது, வாட்ச். அவளுடைய ஸ்டாப்வாட்ச், முப்பது வருஷம் டிரில் டீச்சராக இருந்தவளின் எஃகு வாட்ச், காலையில் கிளம்பும்போது அதை என் உள்ளங்கையில் வைத்து "விசில் எனக்கு, வாட்ச் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு மறுபடி விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதைத் தாண்டியிருந்தால் பிழைத்தேன். தாண்டாவிட்டால் இன்னொரு மூன்று ஸ்பூன், அதோடு அவளுக்குப் போன். அந்தப் போன்தான் எனக்குப் பயம். போன் போனால் அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள், இனி எந்த மைதானத்துக்கும் போகவே மாட்டாள். நான்கு வருஷத்தில் இன்றுதான் அவள் அரை நாள் எனக்கு வெளியே இருக்கிறாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே பள்ளிக்கூடம் விளையாட்டுப் போட்டிக்கு நடுவராக அழைத்தது, முடியாது என்று சொல்லிவிட்டு எனக்குச் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நான்தான் சண்டை போட்டு அனுப்பி வைத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. முள் நகர்கிற மாதிரியே தெரியவில்லை.

பிடரியில் வேர்வை. மார்ச் மாதத்து வேர்வை இல்லை, குளிர்ந்த வேர்வை, பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கை நடுங்குகிறது, உதடு மரத்துப்போய் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்கிறது. அப்புறம் இந்தப் பசி. இதைப் பசி என்று சொன்னால் போதாது. அடுப்படியில் இருக்கிற எல்லாவற்றையும், சோறு, வாழைப்பழம், எதிர்வீட்டு பாத்திமுத்து நேற்று கொடுத்துவிட்டுப் போன இளநீர், எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளித் தின்னச் சொல்கிறது. தின்றால் அரை மணி நேரத்தில் முந்நூறுக்குப் பறக்கும், அப்புறம் அதை இறக்க ஊசி, அப்புறம் மறுபடி இது. இளநீரைத் தொடவே கூடாது. மற்ற சர்க்கரைக்காரர்கள் மயக்கம் வந்தால் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கலாம், இளநீர் குடிக்கலாம், எனக்குக் கிட்னியும் போய்விட்டதால் அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இதயத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் ஜீனிதான் எனக்கு மருந்து. வாழ்நாள் பூராவும் எந்த ஜீனியைத் தொடாதே என்று சொன்னார்களோ அந்த ஜீனி. சிரிப்பு வருகிறது, சிரித்தால் உதடு எங்கே போகிறதென்று தெரியவில்லை. அந்த அரை டம்ளர் தண்ணீரை இன்றைய கணக்கில் சேர்க்க வேண்டுமா? ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் எனக்கு. கோதை பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், சிவப்புக் கோடு பத்து மணிக்கு, அடுத்தது ஒரு மணிக்கு. அவள் கல்யாணத்துக்குக்கூட நகத்தில் சாயம் பூசாதவள், கோடு போடுவதற்காகவே கடையில் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். எதிர்ச் சுவரில் போட்டோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, மாவட்டப் போட்டி, நாலு பெண்கள், நானூறு மீட்டர் ரிலே, நடுவில் கோப்பை. இடது ஓரம் ஜெபமணி. அடுத்து ரஹமத்துன்னிசா. அடுத்து பூங்கோதை, என் பூங்கோதை, இரட்டைச் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு கேமராவை முறைக்கிறாள். நாலாவது பெண். கடைசி ஓட்டம் ஓடினவள். பெயர் என்ன? இந்த வீட்டில் தினமும் சொல்கிற பெயர். ஜெபமணி, ரஹமத்துன்னிசா, பூங்கோதை, அப்புறம். வாய்க்குள் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. முத்து என்று வருமா, தங்கம் என்று வருமா, இல்லை. நாலு நிமிடம்.

பெயர் வராவிட்டால் என்ன, நம்பர் வந்தால் போதும். நம்பர்தான் என் பிழைப்பு. தில்லைநாயகம் என்று பெயர் சொன்னால் பட்டுக்கோட்டையில் யாருக்கும் தெரியாது, இ.பி. ரீடிங் எடுக்க வருவாரே, அவர் என்றால் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஊரில் இருக்கிற அத்தனை மீட்டர் பெட்டிக்குள்ளும் தலையை விட்டிருக்கிறேன், குளவிக்கூட்டுக்கு நடுவில், மாடு கட்டின சந்தில், மாடிப்படி இருட்டில். எந்த மீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, எந்த மீட்டர் கோளாறு என்று கதவைத் தட்டும்போதே எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட நான் என் மீட்டரில் ஏமாந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று சர்க்கரை குறைய ஆரம்பித்தது. இருபது யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவன் பதினாறுக்கு வந்தேன், பன்னிரண்டுக்கு வந்தேன், அப்படியும் நூற்றுப்பத்துதான் காட்டியது. என்ன ஆட்டம் ஆடினேன்! காலையில் நடக்கப் போகிற இடத்தில் ஆறு பேரை நிற்க வைத்து வெந்தயத் தண்ணீரின் மகிமையைப் பற்றி உபதேசம் செய்தேன். மளிகைக்கடைக்காரர் ஒருவர் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார், பாவம், அவர் இன்னும் குடித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து கோதையிடம் சொன்னேன், எனக்குச் சர்க்கரை விட்டுப்போச்சுடி என்று. அவள் கைதட்டவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "சாப்பாடு அதேதான். நடை அதேதான். ராத்திரி ரகசியமா திங்கிற மிச்சரும் அதேதான். எதுவுமே மாறாம நம்பர் மட்டும் எப்படிங்க குறையும்?" என்றாள். "வெந்தயம்," என்றேன். "உங்க ஆபீஸ்ல ஒரு வீட்டு மீட்டர் திடீர்னு கம்மியா ஓடினா என்ன பண்ணுவீங்க, மாலை போடுவீங்களா?" "கழட்டி டெஸ்டிங்குக்கு அனுப்புவோம்." "அப்பக் கிளம்புங்க," என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னை உட்கார வைத்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்த டாக்டர், கோதையின் பழைய மாணவி வயசுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னது: "சார், போட்ட இன்சுலினை வெளியேத்துறதுல கிட்னிக்குப் பெரிய பங்கு. கிட்னி தளர்ந்தா மருந்து உடம்புலயே தங்கி வேலை செஞ்சிட்டிருக்கும். சர்க்கரை குறையல, கிட்னி குறைஞ்சிருக்கு." நான் தரையைப் பார்த்தேன். கோதை பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

ஆறரை நிமிடம். எதிர்வீட்டில் பாத்திமுத்துவின் தையல் மிஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. பேனாவை எடுத்தாள், ஆமாம், அன்றைக்கு எடுத்த பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை. டாக்டர் சொன்னார், மூணு மாத சராசரி பார்க்கிற டெஸ்ட்டை மட்டும் நம்பி இருக்காதீங்க, சாருக்கு ரத்த சோகை இருக்கு, அது நிஜத்தை விடக் குறைச்சலாக் காட்டும், தினமும் விரலில் பாருங்க என்று. அன்று சாயங்காலமே பரணில் கிடந்த என் பழைய ரீடிங் அட்டைகளை, வீட்டுக்கு வீடு தொங்குமே அந்த வெள்ளை அட்டை, ஒரு கட்டு தூசி தட்டி எடுத்தாள். இத்தனை வீட்டு ரீடிங் எழுதினீங்க, இனிமே உங்க ரீடிங்கை எழுதுங்க. தேதி, நேரம், நம்பர், போட்ட ஊசி. நான் எழுதினேன். நல்ல பிள்ளையாகத்தான் எழுதினேன், ஒரு மாதம் வரைக்கும். அப்புறம் நூற்றுத்தொண்ணூறு வந்த ஒரு நாள் நூற்றுமுப்பது என்று எழுதினேன். யாருக்கு நஷ்டம்? அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டாமே. கருவிக்கு ஞாபகசக்தி உண்டு, பட்டனை அமுக்கினால் பழைய நம்பரெல்லாம் வரும் என்பது எனக்குத் தெரியாது, எனக்கு! கோதை அமுக்கிப் பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. அட்டையையும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்க பொய்ய எழுதினா நான் அந்தப் பொய்க்குத்தான் அளவு பாத்து ஊசி போடுவேன். நம்பர் பொய்யா இருக்கலாம், ஊசி நெசம்," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுரைக்காயை நறுக்கிக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினாள். எல்லாக் காயையும் அப்படித்தான் செய்கிறாள், சாரம் பூராவும் போய்விடும், பொட்டாசியமும் போய்விடும், எனக்கு மிஞ்சுவது நார். உப்பும் கிடையாது, கண்ணில் காட்டுகிற அளவுதான். நான் தினமும் முனகிக்கொண்டே தின்பேன், அவளுக்கென்ன, தனியாக உப்புப் போட்டுக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் தட்டு மாறிப்போய் அவள் தட்டில் கை வைத்தேன். அதே சப்பு. என் சோறேதான். "உனக்கென்னடி தலையெழுத்து?" என்றேன். "புள்ளைங்கள ஓடச் சொல்லிட்டு நான் என்னைக்காவது நிழல்ல உக்காந்திருக்கேனா?" என்றாள். இப்படி ஒருத்தி எனக்கு எதற்காக வாய்த்தாள், நான் அப்படி என்ன செய்துவிட்டேன், ஒன்றுமில்லை, இருட்டுச் சந்துகளில் நம்பர் எழுதியது தவிர ஒன்றுமில்லை. ஜெபமணி, ரஹமத்துன்னிசா, பூங்கோதை. நாலாவது. நாலாவது.

ஒன்பது நிமிடம். பயம் இப்போதுதான் வருகிறது, முதலில் உடம்பு நடுங்கும், அப்புறம் மனசு. முன்பு ஒரு தடவை இப்படி இறங்கினபோது நான் நானாக இல்லை. கோதை ஜீனித் தண்ணீரை நீட்டினாளாம், நான் தட்டிவிட்டேனாம், யாருடி நீ என் வீட்டில் என்று கேட்டேனாம். அவளுடைய கோப்பையை, அதோ அந்த போட்டோவில் நடுவில் இருக்கிறதே, அதைத் தூக்கி எறிந்திருக்கிறேன், ஒரு கைப்பிடி இன்னமும் இல்லை. அவள் என் முழங்காலில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஜீனியைத் தேய்த்துத் தேய்த்து என்னைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், "நல்ல ஆளுதான், கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு யாருடின்னு கேக்கறீங்க". ஆனால் அன்றிலிருந்துதான் அவள் எங்கேயும் போவதில்லை. இன்று அவள் போனதே பாதி மனசோடுதான். காலையில் வெறும் வயிற்றில் நூற்றெழுபத்திரண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் அட்டையைப் பார்த்துவிட்டு, "போகவா, வேணாமா?" என்றாள். நான் ஏதோ பெரிய வீரன் மாதிரி, "போடி, நான் பாத்துக்கறேன். மத்தியானம் ரீடிங்க போன்ல அனுப்பறேன், பாத்து அசந்துடுவ," என்றேன். தினமும் ஊசியில் மருந்தை இழுத்துக் கொடுப்பது அவள். இன்று நானே இழுத்தேன். எட்டு யூனிட் இழுக்க வேண்டியவன் பத்து இழுத்தேன். மூன்று இட்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள், இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைக் கிண்ணம் போட்டு மூடினேன். நூற்றெழுபத்திரண்டை மத்தியானத்துக்குள் அழித்துவிட வேண்டும், நூற்றிருபது என்று அனுப்ப வேண்டும், அவள் மைதானத்தில் நின்று அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் மாதிரி ஆசை. பத்து யூனிட் பத்தாகவே போய்விடாது என் உடம்பில், வெளியேற்ற ஆளில்லாமல் உள்ளே நின்றுகொண்டு வேலை செய்துகொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அட்டையில் எட்டு என்று எழுதினேன். அதுதான் இந்த வேர்வையை விட மோசமாக இருக்கிறது. அதோ ஆணியில் தொங்குகிறது, காலை ஏழேமுக்கால், எட்டு, என் அழகான கையெழுத்தில்.

பன்னிரண்டு நிமிடம். கொஞ்சம் உதடு திரும்பி வந்திருக்கிறதா? நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன். மிஷின் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்கிறது. மன்னார்குடியில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும்? சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். கோதை கோட்டைக் குனிந்து பார்த்து, கோணல் என்று சொல்லியிருப்பாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ, சேலையோடு ஷூ போடுவதைப் பார்த்துத்தான் முதலில் நான் சிரித்தேன், ரீடிங் எடுக்கப் போன இடத்தில், பள்ளிக்கூட மீட்டர் மைதானத்து மூலையில் இருந்தது, அவள் விசிலை ஊதி என்னைத் தடத்தை விட்டு நகரச் சொன்னாள். கடைசி ஓட்டம் ஓடின பெண்ணைப் பற்றி அவள் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமை, கட்டைய மூணாவதா வாங்கினா, மொதலா முடிச்சா, வைரக்கண்ணு மாதிரி ஓட இன்னும் ஒருத்தி பொறக்கல. வைரக்கண்ணு. வைரக்கண்ணு! ஜெபமணி, ரஹமத்துன்னிசா, பூங்கோதை, வைரக்கண்ணு. வந்துவிட்டது, பெயர் வந்துவிட்டது, நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் வருகிறது. பெயர் வந்தால் நம்பரும் வரும். பதினைந்து. வேறு விரல், பஞ்சு, ஒரு சொட்டு. கருவி ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று எண்ணுகிறது.

அறுபத்துநாலு. எழுபது இல்லை. ஆனால் ஏறியிருக்கிறது, பன்னிரண்டு ஏறியிருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் விட்டால் தானாக எழுபது ஆகிவிடும், எழுபதுக்கும் அறுபத்துநாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம், இன்னொரு மூன்று ஸ்பூனைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும், அவள் சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாக இருப்பாள், இதையெல்லாம் நான் யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே ஜீனியைக் கலக்குகிறேன், குடிக்கிறேன். பொய்க்கு ஊசி போடுவேன் என்றாள். ஊசி இன்னும் உள்ளே நின்றுகொண்டிருக்கிறது, பத்து யூனிட், அதற்கு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஜீனி கரைந்த பிறகும் அது வேலை செய்யும். நான் மறுபடி யாருடி நீ என்று கேட்கப் போகிற ஆள் ஆகிவிட்டால், அவள் மைதானத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது இங்கே பாத்திமுத்து கதவைத் தாண்டி ஓடி வந்தால். போனை எடுக்கிறேன்.

"சொல்லுங்க," என்றாள். பின்னால் ஒரே கூச்சல், மைக்கில் யாரோ பெயர் வாசிக்கிறார்கள். "ஐம்பத்திரண்டு வந்துச்சு. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு அறுபத்துநாலு." கூச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது, அவள் ஒதுங்கி நடந்திருக்க வேண்டும். "கதவு?" "தொறந்திருக்கு." "ரெண்டாவது ஜீனி?" "இப்பத்தான் குடிச்சேன்." "காலையில எத்தன யூனிட் போட்டீங்க?" மைக்கில் நீல அணி என்றார்கள், சிவப்பு அணி என்றார்கள். "கேக்கறேன்ல?" "பத்து," என்றேன். "அட்டையில?" "எட்டுன்னு எழுதியிருக்கேன்." "இட்லி?" "ரெண்டு." அவள் மேலே கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன், குழந்தை மாதிரி, "காலையில நூத்தி எழுபத்திரண்டப் பாத்துட்டு நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுப் போன. நல்ல நம்பரா அனுப்பணும்னு பாத்தேன் கோதை. நீ கெளம்பாத, பஸ் ஏறிடாத, நான் சமாளிச்சுக்கறேன்." "யாரு கெளம்பறா?" என்றாள். "பாத்திமுத்துவக் கூப்பிட்டு வாசல்ல உக்கார வையுங்க. வாட்ச் ஓடுதா?" "இன்னும் அமுக்கல." "கையில எடுங்க. நானூறு மீட்டர் ரிலே கோட்டுல நிக்குது, புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க. நான் ஊதினதும் அமுக்குங்க." "நெசமாவே வரலையா நீ?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே வெட்கமாக இருந்தது. "நெசத்தச் சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் எதுக்கு வரணும்?" என்றாள். "எழுபத்தஞ்சுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தீங்கன்னா அந்தக் குரலே காட்டிக் கொடுத்திருக்கும், ஓடி வந்திருப்பேன். பதினஞ்சாவது நிமிஷம் நம்பர் வரணும், வரலைன்னா வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி பாத்திமுத்துகிட்ட நானே பேசுவேன். தயாரா?" தயார் என்றேன். போனை அவள் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, ஒரு நிமிடம் காற்று மட்டும் கேட்டது, அப்புறம் விசில். கல்யாணத்துக்கு முன்னால் என்னைத் தடத்தை விட்டு விரட்டின அதே நீளமான விசில். அங்கே காலடிகள் கிளம்பின, கூச்சல் எழுந்தது. நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாட்சை அமுக்கினேன்.

பாத்திமுத்து ஓரம் தைக்க வேண்டிய துணியோடு வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னண்ணே, மொகமெல்லாம் இப்படி வேர்த்து ஊத்துது, அக்கா இல்லாம இருக்க முடியலையோ?" என்று கேலி செய்தாள். "முடியலம்மா," என்றேன். பதினைந்தாவது நிமிடம் தொண்ணூற்றுமூன்று. நம்பரை அனுப்பினேன், அங்கிருந்து வந்த பதில் இரண்டே சொல், இட்லியச் சாப்பிடுங்க. அட்டையை ஆணியிலிருந்து எடுத்து எட்டை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன், கீழே ஐம்பத்திரண்டு, அறுபத்துநாலு, தொண்ணூற்றுமூன்று. பிறகு கிண்ணத்தைத் திறந்து மூன்றாவது இட்லியை எடுத்தேன். ஆறிப்போய், உப்பில்லாமல், நான் நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டே தின்கிற அதே இட்லி. இன்று மைதானத்தில் அவர்கள் பிரியாணி போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கோதை காலையில் இதே இட்லியில் நாலைத்தான் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.